கூடை போட்டவர் மட்டுமா ஜெயித்தார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், லெட்டர் டைப் செய்கிறோம். எக்ஸெல் என்று ஒன்று இருக்கிறதே, அது ஆபீஸ் கணக்கு பார்ப்பவர்களுக்கு மட்டும்தானா?" இல்லை. உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ பாஸ்கட்பால் ஆடுகிறார் என்றால், எக்ஸெல்லை வைத்து அவருக்கான நியாயத்தைக் கேட்கலாம்.

சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியில் படித்து வந்த ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் இதுபோன்ற ஆட்டங்களைக் கொண்டு சென்றார்கள். ஆனால் ஆட்டம் முடிந்ததும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "யார் எத்தனை புள்ளி?" சிறிய போட்டிகளில் நடுவர் மேஜையில் இருக்கும் ஸ்கோர் ஷீட்டைப் பாருங்கள். யார் கூடை போட்டார், யார் பவுல் செய்தார் என்ற இரண்டு விஷயங்கள்தான் முக்கியமாக அதில் இருக்கும்.

கூடை போட்டவருக்கு வழி விட, எதிரணி ஆளை மறித்து ஸ்கிரீன் கொடுத்தவர் அதில் இல்லை. அவருக்குப் பந்து கொடுத்தவருக்கு முன்னால் பந்து கொடுத்தவர் இல்லை. தன் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்து, நண்பன் கோட்டைவிட்ட ஆளைத் தடுத்தவரும் இல்லை.

எங்கள் ஊர் சோழபுரம், ராஜபாளையம் பக்கத்தில் இருக்கிறது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் பார்க்கப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். வடம் பிடிக்கும் கூட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்கள் அவ்வளவாகத் தெரிய மாட்டார்கள். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் தேர் நிலைக்கு வராது. பாஸ்கட்பாலிலும் அப்படிக் கட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். ஓர் அணியில் 12 பேருக்குத்தான் இடம். பன்னிரண்டாவது பெயருக்குச் சர்டிபிகேட் உண்டு, பதிமூன்றாவது பெயருக்குக் கிடையாது. அந்தச் சர்டிபிகேட்தான் விளையாட்டுப் பிரிவில் இன்ஜினியரிங் சீட்டுக்கும், பிறகு ரயில்வேயிலோ வங்கியிலோ வேலைக்கும் வழி திறக்கிறது. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் சென்னையில் அணி வைத்திருப்பதைப் பாஸ்கட்பால் பார்ப்பவர்கள் அறிவார்கள். புள்ளியை மட்டும் எண்ணி அணி எடுத்தால், பந்தைக் கொடுக்கும் பையன் வெளியே நிற்பான். இதைப் பார்க்கும் மற்ற பையன்கள் ஒரே பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள்: பந்து கைக்கு வந்தால் கொடுக்காதே, நீயே எறி. எதை எண்ணுகிறோமோ அதுதான் வளரும்.

கோடிக்கணக்கில் பணம் புரளும் அமெரிக்காவின் என்பிஏ போட்டிகளிலும் இதே குறை நீண்ட காலம் இருந்தது. பந்தைப் பறிப்பதையும் எறிந்த பந்தைத் தடுப்பதையும் 1973-74 சீசனில்தான் அங்கே அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கினார்கள். பிறகு வந்தது "பிளஸ் மைனஸ்" கணக்கு. ஐஸ் ஹாக்கியில் முன்பே இருந்த இந்த முறை 2007-08 சீசனில் என்பிஏ ஸ்கோர் அட்டையிலும் இடம் பிடித்தது.

கணக்கு மிக எளிது. ஒரு வீரர் களத்தில் இருக்கும் நேரத்தில் நம் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்த புள்ளியைக் கழிக்க வேண்டும். அவர் கூடை போட்டாரா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. அவர் இருந்தபோது அணி முன்னேறியதா, பின்தங்கியதா என்பதுதான் கேள்வி.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஷேன் பாட்டியர். 2006 முதல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் ஆடியவர். 2008-09 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டுப் புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் அவர் களத்தில் இருந்தால் சக வீரர்களின் ஆட்டம் கூடியது, எதிரணி நட்சத்திரத்தின் ஆட்டம் குறைந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த டேரில் மோரே என்ற ராக்கெட்ஸ் நிர்வாகி இதைக் கணக்கில் கண்டார். 2009-ல் எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஊருக்கே தெரிந்தது.

சரி, இதை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்படிச் செய்வது? எக்ஸெல்லில் புதிய பைல் ஒன்றைத் திறந்திடுங்கள். முதல் படுக்கை வரிசையில் 12 வீரர்களின் ஜெர்சி எண்களைத் தலைப்பாக டைப் செய்யுங்கள். அடுத்த மூன்று நெட்டு வரிசைகளுக்கு "நாம்", "அவர்கள்", "வித்தியாசம்" என்று பெயர் கொடுங்கள். ஆட்டத்தில் ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய வரிசை. அந்த நேரத்தில் களத்தில் நின்ற ஐந்து பேருக்கு 1, மற்றவர்களுக்கு 0. அந்த ஐந்து பேர் ஆடிய நேரத்தில் இரு அணிகளும் எடுத்த புள்ளிகளைப் போட்டு வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் டேட்டா மெனு சென்று பில்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு வீரரின் தலைப்பில் வரும் சிறிய அம்புக்குறியில் 1 என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிறகு வித்தியாசம் உள்ள எண்களை மவுஸால் செலக்ட் செய்தால், திரையின் கீழ்ப்பட்டையில் கூட்டுத்தொகை தெரியும். அதுதான் அவருடைய பிளஸ் மைனஸ். அடுத்து 0 என்பதைத் தேர்ந்தெடுத்து, அவர் பெஞ்சில் இருந்தபோது என்ன ஆனது என்றும் பாருங்கள்.

ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம் அணி 62-56 என்று 6 புள்ளியில் ஜெயிக்கிறது. 7-ஆம் எண் வீரர் 24 புள்ளி எடுத்தார். கைதட்டல் அவருக்கே. ஆனால் அவர் களத்தில் இருந்தபோது அணி 2 புள்ளி பின்தங்கியது, வெளியே இருந்தபோது 8 புள்ளி முன்னேறியது. 4-ஆம் எண் வீரர் எடுத்தது வெறும் 3 புள்ளி. அவர் இருந்தபோது அணிக்கு 13 கூடுதல், இல்லாதபோது 7 குறைவு. இரண்டு பேருக்கும் கூட்டிப் பாருங்கள், அதே 6 வரும். ஆட்டம் ஒன்றுதான், அதைப் பார்க்கும் கண்தான் வேறு.

உடனே 7-ஆம் எண்ணைத் தூக்கிவிடாதீர்கள். ஓர் ஆட்டத்துக் கணக்கை வைத்து யாரையும் எடை போடக்கூடாது. 4-ஆம் எண் ஆடிய நேரத்தில் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரர் ஓய்வில் இருந்திருக்கலாம். அல்லது 4-ஆம் எண் எப்போதும் நம் அணியின் சிறந்த ஆட்டக்காரருடன் சேர்ந்தே களம் இறங்கியிருக்கலாம். பூவோடு சேர்ந்த நாருக்கும் மணம் உண்டல்லவா? அதனால் பத்துப் பதினைந்து ஆட்டங்களாவது பதிவு செய்த பிறகே பேச வேண்டும்.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் கம்ப்யூட்டர் உண்மையிலேயே தேவைப்படுகிறது. பத்தாம் வகுப்பில் படித்த ஒருங்கமைச் சமன்பாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீரரும் ஒரு தெரியாத எண். ஆள் மாறாத ஒவ்வொரு சிறு பொழுதும் ஒரு சமன்பாடு. என்பிஏயில் ஒரு சீசனுக்கு 1,230 லீக் ஆட்டங்கள் என்பதால் பல்லாயிரம் சமன்பாடுகள் கிடைக்கும். அவற்றுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் விடையைக் கம்ப்யூட்டர் தேடும். யாருடன் ஆடினார், யாரை எதிர்த்து ஆடினார் என்பதன் தாக்கத்தை இது கழித்துவிடுகிறது. ஜெப் சகாரின், வேய்ன் வின்ஸ்டன் இருவரும் 2000-களில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்காக இப்படிக் கணக்கிட்டார்கள். டான் ரோசன்பாம் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2004-ல் தன் முறையை வெளியிட்டார்.

நட்சத்திர வீரரே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கடைசி ஐந்து விநாடியில் யாராவது துணிந்து எறியத்தான் வேண்டும். ஆனால் நட்சத்திரங்களைச் சேர்த்துவிட்டால் அணி ஆகிவிடாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆலன் ஐவர்சன், டிம் டங்கன் இருந்த அமெரிக்க அணி முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 73-92 என்று தோற்றது. அரையிறுதியில் வென்று தங்கத்தையும் கொண்டு போனது, பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிய அர்ஜென்டினா.

பிளஸ் மைனஸ் ஏன் என்று சொல்லாது, எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். காரணத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். என்பிஏகூட 2013-14 சீசனில் எல்லா அரங்கங்களிலும் ஆறு கேமராக்களை வைத்தது. 2016 முதல் ஸ்கிரீன் கொடுத்ததையும், தளர்ந்து ஓடும் பந்தை விழுந்து எடுத்ததையும் எண்ணுகிறது. நம்மிடம் கேமரா இல்லாவிட்டால் என்ன, ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பெஞ்சில் இருக்கும் ஒரு மாணவர் ஆள் மாற்றத்தைக் குறித்துக் கொடுத்தால், இரவு வீட்டில் அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம்.

பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்வது இதுதான். புள்ளிக் கணக்கை எடுத்துவிட வேண்டாம், அதன் பக்கத்தில் இந்த ஒரு நெட்டு வரிசையைச் சேருங்கள். 12 பேரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் இரண்டையும் மேஜையில் வையுங்கள். பந்தைக் கொடுத்த பையனின் பெயரும் பட்டியலில் வரட்டும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிபர் ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதில் உள்ள கால்க் புரோகிராமிலும் இதையே செய்யலாம். அடுத்த ஆட்டத்திலேயே தொடங்கிப் பாருங்கள்.