மூடி வைத்த லப்டொப்புக்கு யார் பொறுப்பு?

போன செமெஸ்டர் நடந்த கதை. எங்கட ஹொஸ்டல் அறையில் நாலு பேருக்கு ஒரு லப்டொப். அதுவும் மூன்றாம் கையாய் வந்தது. பற்றரி செத்து ரெண்டு வருசம். வயரைக் கழற்றினால் அந்த நிமிசமே ஆள் அவுட். அடுத்த நாள் ஒப்படைக்க வேண்டிய ஆய்வுக்காக எங்களில் ஒருத்தி ஒரு நேர்காணலை மூன்று மணித்தியாலம் திருப்பித் திருப்பிக் கேட்டு நோட்பேடில் எழுதி முடித்தாள். மூடியை மூடிவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனோம். கரண்ட் பத்து நிமிசம்தான் இல்லாமல் இருந்தது. வந்து பார்த்தால் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. விடிய விடிய மறுபடி எழுதினோம்.

"சேவ் பண்ணியிருக்கலாமே" என்று சொல்லாத ஆள் இல்லை. சரி, பண்ணியிருக்கலாம். ஆனால் எங்கட கேள்வி வேற. மூடியை மூடும்போது அந்த மெஷின் தானாகவே ஏன் சேவ் பண்ணவில்லை?

கலைப்பீடத்துக்காரருக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால் விசயம் இதுதான். ஸ்லீப் என்றால் நீங்கள் திறந்து வைத்த எல்லாம் ரேமில் இருக்கும். அதை உயிரோடு வைத்திருக்கக் கொஞ்சம் கரண்ட் வேணும். உடனே விழிக்கும், ஆனால் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. ஹைபர்நேட் என்றால் ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணைந்துவிடும். கரண்ட் போனாலும் பயமில்லை, ஆனால் விழிக்க நேரம் எடுக்கும்.

ரெண்டையும் சேர்த்துச் செய்யவும் வழி இருக்கிறது. இயங்குதளத்தின் மையமான கேர்னல், ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்தி, ரேமின் ஒரு பிரதியை டிஸ்க்கில் எழுதும். பிறகு அணையாமல் ஸ்லீப்புக்குப் போகும். கரண்ட் இருந்தால் ரேமில் இருந்து உடனே எழும்பும். போனால் டிஸ்க்கில் உள்ள பிரதி காப்பாற்றும். இதற்கு ஹைபிரிட் ஸ்லீப் என்று பெயர். விண்டோஸ் விஸ்டாவிலேயே இது வந்துவிட்டது. லினக்ஸ் கேர்னலுக்குள் 2012இல், 3.6 பதிப்பில் வந்தது. ஆகவே இது இல்லாத வசதி இல்லை. இருந்தும் எங்களுக்குக் கிடைக்காத வசதி.

ஏன்? விண்டோஸ் இதை டெஸ்க்டொப்பில் தானாகப் போட்டு வைத்தது, லப்டொப்பில் அணைத்து வைத்தது. லப்டொப்பில் பற்றரி இருக்குமே, அது இறங்கும்போது ஹைபர்நேட் ஆகிவிடுமே என்பது கணக்கு. அப்பிள் நேர்மாறு: லப்டொப்பில் போட்டு, டெஸ்க்டொப்பில் அணைத்து வைத்தது. ரெண்டு கம்பனியும் பாவிக்கிற ஆளை மனதில் கற்பனை பண்ணித்தான் இந்தத் தீர்மானத்தை எடுத்திருக்கின்றன. விண்டோஸ் கற்பனை பண்ணிய ஆளிடம் நல்ல பற்றரி இருக்கிறது. எங்களிடம் இருப்பதோ உருவத்தில் லப்டொப், உண்மையில் டெஸ்க்டொப். முப்பது வீதம் காட்டிவிட்டுச் சட்டென்று அணைகிற பற்றரிக்கு ஹைபர்நேட் ஆக எங்கே நேரம்?

எதிர்ப்பக்க நியாயங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் எழுதினால் சில செக்கன் தாமதம், எஸ்எஸ்டிக்குத் தேய்மானம். டிஸ்க்கில் இடமும் வேணும். டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்படாவிட்டால், திருடுகிறவன் கையில் ரேமில் இருந்ததெல்லாம் போகலாம். இந்தக் கடைசிக் காரணத்தை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. ஆனால் இவை பாவிப்பவரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டிய விசயங்கள். நாலு மெனுவுக்கு உள்ளே ஒளித்து வைப்பது கேட்பது ஆகாது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி முழு நாடும் இருண்டது. இங்கே கரண்ட் போவது விபத்து இல்லை, வாழ்க்கை. இங்கே விற்கிற, திருத்துகிற, கம்பஸ் லாப்பில் பூட்டுகிற மெஷின்களை அதற்கேற்ற மாதிரி செட் பண்ணித் தருவதில் என்ன கஸ்டம்? கடைக்காரரும் லாப் பொறுப்பாளரும் ஐந்து நிமிசம் செலவழித்தால் போதும்.

அதுவரைக்கும் உங்கட விண்டோஸ் லப்டொப்பில் பவர் ஒப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், ஸ்லீப் என்று போய்ப் பாருங்கோ. 'அலோ ஹைபிரிட் ஸ்லீப்' இருந்தால் ஒன் பண்ணுங்கோ. புது மொடல்கள் பலவற்றில் அது இருக்காது. அப்படியென்றால் மூடியை மூடினால் ஹைபர்நேட் ஆகும்படி மாற்றுங்கோ. சேவ் பண்ணவும் மறக்காதேங்கோ. ஆனால் மறந்தவளைத் திட்டுவதற்கு முன்னால், மறப்போம் என்று தெரிந்தும் அந்தப் பாதுகாப்பை அணைத்து வைத்தவர்களையும் ஒருக்கால் கேளுங்கோ.