ரிப்போர்ட் உங்க கைக்கு வந்தா...

கம்பமோ, சின்னமனூரோ, போடியோ... வீட்ல பெரியவங்களுக்கு ஸ்கேன் எடுத்தா, ரிப்போர்ட் நேரா காலேஜ் படிக்கிற பிள்ளை கைக்குத்தான் வரும். ‘இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கு, பாரு தம்பி!’ அது நுரையீரல் புற்றுநோய் ரிப்போர்ட்டா இருந்தா? பதறாம படிக்க சில விஷயங்கள் தெரிஞ்சிருக்கணும் ஃப்ரெண்ட்ஸ்.

முதல்ல ஸ்டேஜ். கட்டி எவ்வளவு பெரிசு, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிடுச்சா, மூளை, எலும்பு, கல்லீரல்னு தூரமா தாவிடுச்சா? இந்த மூணையும் வச்சுத்தான் 1 முதல் 4 வரை நம்பர் போடுறாங்க. அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, நுரையீரலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிச்சவங்கள்ல 100-க்கு 60 பேருக்கு மேல் 5 வருஷம் தாண்டுறாங்க. தூரத்து உறுப்புக்குப் பரவிட்டா, சுமார் 10 பேர்தான்.

அப்புறம் ஏன் லேட் ஆகுது? ஆரம்பத்துல பெரும்பாலும் வலியே இருக்காது. இருமினா ‘பீடி இருமல்தானே’ன்னு விட்டுடுவோம். எக்ஸ்ரேயில டி.பி. மாதிரியே தெரிஞ்சு, அதுக்கு மருந்து சாப்பிட்டே மாசங்கள் ஓடுறதும் நம்ம நாட்டுல சகஜம். அதனால மூணு வாரம் தாண்டின இருமல், சளியில ரத்தம், காரணமில்லாம எடை குறையறது... இதுல எது இருந்தாலும் பெரியவரை க.விலக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. பீடி தொடாதவங்களுக்கும் இந்த நோய் வரும்.

சரி, ரிப்போர்ட்ல ‘ஸ்டேஜ் 4’னே இருக்கு. கதை முடிஞ்சுதா? இல்லை. அந்த 10 என்பது சராசரிக் கணக்கு, உங்க தாத்தாவோட ஜாதகம் இல்லை. ‘எந்த வகை? ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?’ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் மேற்கத்தியர்களைவிட ஆசியர்களிடம் அதிகம். அதுக்கான ஜெஃபிடினிப் மாத்திரைக்கு 2003-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. அதுக்கப்புறம் இன்னும் நல்ல மருந்துகள் வந்தாச்சு. முழுசா குணமாகாட்டியும், வருஷக்கணக்கில் நடமாடுறவங்க இருக்காங்க. நோய் தெரிஞ்ச பிறகு பீடியை விட்டாலும் பலன் உண்டு.

கடைசியா ஒண்ணு. ‘அவருகிட்ட மட்டும் சொல்லிடாதே!’ன்னு வீடே உங்களைப் பிடிச்சுக்கும். பாசம்தான். ஆனா உடம்பு அவரோடது. தோட்டத்தை யார் பார்க்கணும், பேத்தி கல்யாணத்தை எப்ப வைக்கணும்னு முடிவு பண்ற உரிமையும் அவரோடதுதான். ‘தாத்தா, டாக்டர் சொன்னதை முழுசா சொல்லட்டுமா, கொஞ்சமா சொல்லட்டுமா?’ன்னு அவர்கிட்டயே கேளுங்க. பதிலை அவர் சொல்லட்டும்!