"பாசிதானே" என்று சொல்லாதீர்கள்



சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை நம்ம பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார்கள். அதில் பலர் இப்போது பாசிமணி கோர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். பிரேஸ்லெட், பெருநாளைக்கு மாலை, ஹிஜாப் பின், தஸ்பீஹ் என்று செய்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு விற்கிறார்கள். மாஷா அல்லாஹ், சந்தோஷமான விசயம்.

ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டு பதில்தான் வருகிறது. "டீச்சர், அறுந்து போச்சு எண்டு திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க." "கணக்குப் பார்த்தா ஒண்டும் மிஞ்சல்ல டீச்சர்."

முதலாவது பிள்ளைகள் திருத்திக்கொள்ள வேண்டியது. இரண்டாவது நாம் திருந்த வேண்டியது. இரண்டையும் பேசுவோம்.

அறுந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் பாசி அல்ல, நூலும் முடிச்சும்தான். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகள் பத்து நிறப் பாசி வாங்குவார்கள், நூலை மட்டும் மலிவாகப் பார்ப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள். ஒரே நிறத்தில் 8 மில்லிமீற்றர் பாசி, நல்ல இலாஸ்டிக் நூல், ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பசை. தொடங்க இவ்வளவும் போதும். மணிக்கட்டை அளந்து, அதோடு ஒரு சென்ரிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். 17 சென்ரிமீற்றர் பிரேஸ்லெட்டுக்கு 8 மில்லிமீற்றர் பாசி 21 வரை போகும்.

கோர்க்க முன் இலாஸ்டிக்கை நாலைந்து தடவை நன்றாக இழுத்து விடுங்கள். இல்லையென்றால் போட்டு இரண்டு நாளில் தளர்ந்து தொங்கும். முடிச்சுப் போடும்போது நூலை ஒரு சுற்றுக்குப் பதிலாக இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். அதன் மேல் ஒரு துளி பசை. அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் மிச்ச நூலை வெட்டி, முடிச்சைப் பாசித் துளைக்குள் இழுத்து விட வேண்டும். அவசரத்தில் ஒட்ட வெட்டினால் முடிச்சு அவிழும்.

மாலை கோர்க்க சிலர் தங்கூசி பாவிக்கிறார்கள். நம்ம ஊரில் மீன்பிடிச் சாமான் கடையிலேயே கிடைக்கும், உறுதியும்தான். ஆனால் அது வழுக்கும், வெறும் முடிச்சு நிற்காது. அதற்கு கிரிம்ப் என்கிற சின்ன உலோக மணியைப் போட்டு, குறட்டால் நசுக்கி இறுக்க வேண்டும்.

நமக்கு இன்னொரு பிரச்சினை உப்புக்காற்று. மேலே மட்டும் பளபளப்புப் பூசிய இரும்புக் கொளுக்கி கடலோரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். சிலருக்கு நிக்கல் கலந்த தோடு காதில் அரிப்பையும் புண்ணையும் கொடுக்கும். கொளுக்கிக்குக் கொஞ்சம் கூடச் செலவானாலும் துருப்பிடிக்காத ஸ்டீல் வாங்குங்கள். சாயப் பாசியை சவர்க்காரத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சாயம் விட்டால் அதை விற்காதீர்கள், வாங்குபவரின் உடுப்பு பழுதாகும். தட்டில் ஒரு துவாயை விரித்து வேலை செய்தால் பாசி உருண்டு போகாது. வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் ஒரு பாசிகூடத் தரையில் கிடக்கக் கூடாது. வாயில் போடும், மூக்கில் போடும்.

முதல் பத்தையும் விற்காதீர்கள். உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் கொடுத்து ஒரு மாதம் போடச் சொல்லுங்கள். எது அறுந்தது, எது நிறம் மாறியது என்று கொப்பியில் எழுதுங்கள். அதுதான் உங்கள் பரிசோதனைக் கூடம்.

இனி இரண்டாவது விசயம், கணக்கு. உதாரணத்துக்கு ஒரு பிரேஸ்லெட்டுக்குப் பாசி, நூல், பை எல்லாம் சேர்த்து 180 ரூபாய் என்று வைப்போம். கோர்க்க முக்கால் மணித்தியாலம். படம் எடுத்து, மெசேஜுக்குப் பதில் போட கால் மணித்தியாலம். வாங்குபவர் "பாசிதானே, 250க்குத் தாங்களேன்" என்கிறார். பிள்ளை வெட்கப்பட்டுக் கொடுத்துவிடுகிறாள். ஒரு மணித்தியால உழைப்புக்கு மிஞ்சியது 70 ரூபாய்.

2025 ஏப்ரலில் நம் நாட்டின் குறைந்தபட்ச நாட்கூலி 1,080 ரூபாயாக உயர்ந்தது. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 135. அந்தக் கணக்கில் பார்த்தாலே அந்த பிரேஸ்லெட் 315 ரூபாய்க்குக் குறையக் கூடாது, லாபம் சேர்க்காமலே. நாம் 65 ரூபாய் குறைத்து வாங்கியது லாபம் இல்லை. அது அந்தப் பிள்ளையின் கூலி.

கூலியை இழுத்தடிக்கக் கூடாது என்று எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்! மேசனுக்கும் ஓட்டோக்காரருக்கும் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் "நம்ம புள்ளதானே" என்று சொல்லிக் குறைக்கிறோம். நம்ம பிள்ளை என்றால் கூடக் கொடுக்க வேண்டாமா?

ஆயிஷா (ரழி) அவர்களின் மாலை பயணத்தில் தவறியபோது, அதைத் தேடுவதற்காக ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களும் ஸஹாபாக்களும் தண்ணீர் இல்லாத இடத்தில் தங்கினார்கள். தயம்மும் வசனம் இறங்கிய சம்பவம் அது. "மாலைதானே" என்று விட்டுவிட்டுப் போகவில்லை. ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தன் கையால் வேலை செய்து, அந்தச் சம்பாத்தியத்தை ஸதகா கொடுத்தவர்கள். கைவேலை நம் மார்க்கத்தில் பொழுதுபோக்காக மட்டும் பார்க்கப்பட்டதில்லை.

வரலாற்றிலும் பாசி சின்னச் சாமான் இல்லை. கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டிச் செய்த சிறு மணிகள் ஒரு காலத்தில் நம் மன்னார் மாந்தையிலும் புதுச்சேரியின் அரிக்கமேட்டிலும் செய்யப்பட்டன. இந்த வகை மணிகள் கடல் வழியாகக் கிழக்காபிரிக்கா வரைக்கும் கொரியா வரைக்கும் போயிருக்கின்றன. துறைமுகத்தில் பிறந்த நாமே பாசியை இளக்காரமாகப் பேசலாமா?

பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள். கடையில் 150க்குக் கிடைக்கும் இறக்குமதி பிரேஸ்லெட்டோடு விலையில் போட்டி போடாதீர்கள், தோற்றுப் போவீர்கள். கடை செய்யாததைச் செய்யுங்கள். கை அளவுக்குச் செய்து கொடுங்கள். "அறுந்தால் திருப்பிக் கோர்த்துத் தருவேன்" என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் கடைகளுக்கு "விற்றால் காசு" என்று கொடுப்பதாக இருந்தால் எத்தனை கொடுத்தோம், என்ன விலை, எப்போது காசு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கடன் எடுத்துத் தொடங்க வேண்டாம். வட்டியின் பாவம் ஒரு பக்கம். நுண்கடன் வீடுகளை என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அரசே ஒரு திட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. கைக்காசில் ஒரு பக்கற் பாசி, அது விற்ற காசில் அடுத்த பக்கற். வேலை கைக்கு வந்த பிறகு பிரதேச செயலகத்தில் தொழில் பதிவைப் பற்றிக் கேளுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையைப் பற்றியும் விசாரியுங்கள்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை பாதைக்காகக் காத்து நின்ற சமூகம் நாம். இப்போது சந்தைக்குப் போகத் தடையில்லை. கோர்த்த கைக்கு உரிய விலையைக் கொடுப்பதுதான் மிச்சம்.

அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஸ்டேட்டஸில் ஒரு மாலையைப் பார்த்தால் "எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு நேரம் எடுத்தது மகள்?" என்று கேளுங்கள். பிறகு விலையைக் கொடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.