பிணத்துக்கும் வரி!

சுமேரியா! யூப்ரடீசும் டைகிரிசும் தவழ்ந்த மண். ஊர், ஊருக், லகாசு என நகரங்கள் தலைநிமிர்ந்த நாடு. "அந்த நாகரிகத்தை ஆக்கியது ஆலயம், காத்தது ஆண்டவன் அருள்" என்று பேசுவோர் உண்டு. பேசட்டும். சுமேரியக் களிமண் வேறு பேசுகிறதே!

எழுத்துப் பிறந்தது எதற்காக? துதி பாடவா? இல்லை, தோழர்களே! கி.மு. 3300 அளவில் ஊருக் நகரில் எழுதப்பட்ட தொன்மையான பலகைகளில் மிகப் பல, கணக்குகள்! வாற்கோதுமை இவ்வளவு, ஆடு இத்தனை, ஆளுக்குப் படி இவ்வளவு என்ற குறிப்புகள். கால்வாய் வெட்டியவன் உழவன். களஞ்சியத்தை நிறைத்தவன் உழவன். பெயர் மட்டும் கடவுளுக்கு!

1877 முதல் தெல்லோ மேட்டைப் பிரெஞ்சு ஆய்வாளர் அகழ்ந்தனர். அங்கே கிடைத்த களிமண் கூம்புகள், கி.மு. 2350 அளவில் லகாசை ஆண்ட உருககினாவின் ஆணைகளை உரைக்கின்றன. அவனுக்கு முன் நடந்தது என்ன? கடவுளின் எருதுகள் ஆட்சியாளனின் பூண்டுத் தோட்டத்தை உழுதன. ஏழைத் தாயின் தோட்டத்தில் குரு புகுந்தான், மரத்தை வெட்டினான், கனியை வாரிச் சென்றான். வாழ்பவனைச் சுரண்டியது போதாதென்று பிணத்தையும் விட்டார்களா? புதைகுழிக்கு வந்த உடலுக்குக் கட்டணம் 7 குடம் மது, 420 ரொட்டி! கண்ணீர் காயுமுன் கை நீட்டியது எது? கருணையா? கொள்ளையா?

உருககினா குறைத்தான். 3 குடம் மது, 80 ரொட்டி. ஆடும் கட்டிலும் அப்போதும் தப்பவில்லை. கைம்பெண்ணையும் அனாதையையும் வலியவனிடம் விடமாட்டேன் என்று உறுதி கூறினான். அநீதியை அநீதி என்று எழுதி வைத்த அந்தத் துணிவைப் போற்றுவோம். ஆனால் போற்றுதல் வேறு, பூசித்தல் வேறு. ஆடவனிடம் தகாத சொல் பேசிய பெண்ணின் வாயைச் சுட்ட செங்கல்லால் நொறுக்கச் சொன்னதும் அவன் ஆணைதான்! ஆட்சியாளனிடமிருந்து மீட்ட நிலத்தை அவன் யாருக்குக் கொடுத்தான்? உழுதவனுக்கா? அல்ல, நின்கிர்சு என்ற தெய்வத்துக்கு! தெய்வம் ஏர் பிடிக்குமா? கதிர் அறுக்குமா?

அந்தத் தெய்வம் லகாசைக் காத்ததா? உம்மா நகரத்து லுகால்சாகெசி பாய்ந்து வந்தான். கோயில்களைக் கொளுத்தினான், வெள்ளியையும் மணிக்கற்களையும் வாரினான். நின்கிர்சு வாளெடுக்கவில்லை. எழுத்தன் ஒருவன் கொள்ளைபோன கோயில்களைப் பட்டியலிட்டு, இந்தப் பாவம் லுகால்சாகெசியின் தெய்வமான நிதபாவின் தலைமீது விழட்டும் என்று முடித்தான். தெய்வத்தின்மேல் வழக்கு, தீர்ப்புச் சொல்லவும் தெய்வமே! பின்னர் அந்த லுகால்சாகெசியையும் வீழ்த்தினான் அக்காடின் சர்கோன். வீழ்த்தியது சாபமன்று, படை!

இளைஞனே, இந்த 420 ரொட்டிக் கணக்கை மறவாதே. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் பிணத்தருகே நீளும் கை உலகில் மறையவில்லை. "கட்டணம் அதிகம், குறையுங்கள்" என்று கெஞ்சுவது பாதிச் சீர்திருத்தம். 80 ரொட்டி வாங்கப் பழகிய கை, நாளை மீண்டும் 420 கேட்கும். கட்டணத்தைக் குறைத்தவன் உருககினா. "கட்டணம் எதற்கு? எந்தச் சேவைக்கு? எந்தச் சான்றால்?" என்று கேட்பவனே பகுத்தறிவாளன். கேள்!