இடித்த கோட்டை எப்படி நிற்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை. கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்துப் பாஞ்சாலங்குறிச்சி கிளம்புகிறது. அப்பா, அம்மா, ஆச்சி, இரண்டு பிள்ளைகள், ஒரு தூக்குவாளி புளியோதரை, வழியில் கொறிக்கக் கடலைமிட்டாய் (கோவில்பட்டிக்காரர்கள் அது இல்லாமல் எங்கே கிளம்பினார்கள்!). ஒட்டப்பிடாரம் தாண்டி 3 கிலோமீட்டர். கோட்டை வாசலில் ஒரு போட்டோ, உள்ளே கட்டபொம்மன் கதையைச் சொல்லும் சுவர் ஓவியங்கள், வீரசக்கதேவி கோயிலில் ஒரு கும்பிடு. முடிந்தது. சின்னவன் மட்டும் கேட்கிறான்.

"வெள்ளக்காரன் இடிச்ச கோட்டை இதானாப்பா?"

"ஆமாய்யா."

"இடிச்சிட்டா பெறகு எப்படி நிக்கி?"

"வெயில் ஏறுது, வண்டியில ஏறு."

பையன் கேட்டதில் தப்பே இல்லை. நிற்பது 1974ல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. அந்தக் கூரைக்குக் கீழே கட்டபொம்மன் ஒரு நாளும் படுத்துத் தூங்கியதில்லை. அவன் கோட்டையின் அஸ்திவாரம் பக்கத்திலேயே, தரையோடு தரையாகக் கிடக்கிறது. எட்டிப் பார்க்கிற சிலரும் "வெறும் மண்ணுதான்" என்று திரும்பிவிடுகிறார்கள். வெறும் மண்ணாம்! அந்த வெறும் மண்தான் கும்பினிப் படையைக் கதறவிட்டது.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படை இந்தக் கோட்டையை நேராகத் தாக்கித் தோற்றது. பிறகு கட்டபொம்மன் வெளியேறினான், பிடிபட்டான், அக்டோபர் 16ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டான். கோட்டை தரைமட்டம். இதுவரை எல்லோருக்கும் தெரியும், சிவாஜி புண்ணியத்தில். ஆனால் அசல் சங்கதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. 1801 பிப்ரவரி 2ல் ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். ஒரு வாரம் கழித்துக் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பார்த்தால், தரைமட்டமாக்கிய இடத்தில் கோட்டை நிற்கிறது! வந்த படை திரும்பிப் போனது. மார்ச் 31ல் பெரும்படையோடு வந்து மோதியும் உள்ளே நுழைய முடியவில்லை. கூடுதல் பீரங்கியும் ஆளும் சேர்த்துக்கொண்டு கர்னல் அக்னியூ வந்த பிறகு, மே 24ல்தான் கோட்டை விழுந்தது.

அந்தச் சண்டையில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830ல் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். அவர் கணக்குப்படி கோட்டை சுமார் 500 அடிக்கு 300 அடி. சுவர் 12 அடி உயரம். முழுக்க மண், அதுவும் நன்றாகப் பிடித்து இறுகிய மண். சுற்றிலும் முள்வேலி. அவ்வளவுதான்! அகழி, யானைவாசல், ஏழடுக்கு மாளிகை என்று ஒன்றையும் காணோம். கருங்கல் சுவரில் குண்டு பட்டால் கல் தெறிக்கும், விரிசல் ஓடும். மண்சுவர் குண்டை வாங்கி உள்ளே புதைத்துக்கொள்ளும். ஓட்டை விழுந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குழைத்து அப்பிவிடலாம். செஞ்சிக்கோட்டையை இடித்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பக் கட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அப்படிப்பட்ட சுவரைக் காட்ட நமக்கு வெட்கம். 1959ல் வந்த கட்டபொம்மன் படத்தின் போர்க்காட்சிகளை ஜெய்ப்பூரில் எடுத்தார்கள். அதைப் பார்த்த தலைமுறைக்குக் கோட்டை என்றால் ராஜஸ்தான்தான். மண்ணென்றால் ஏழை வீடு, மழைக்குக் கரைகிற குடிசை. கட்டபொம்மன் அப்படியொரு சுவருக்குள் இருந்தான் என்றால் மரியாதைக் குறைச்சலாம். கரிசல்காட்டுப் பேச்சையும் ஒரு காலத்தில் இப்படித்தான் கொச்சை என்றார்கள். இடைசெவல் கி.ரா. அதே பேச்சில் எழுதி 1991ல் சாகித்ய அகாதெமி வாங்கிக் காட்டினார். பேச்சுக்குக் கிடைத்த மரியாதை சுவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

"குடும்பத்தோடு வர்றவங்களுக்குப் பார்க்க ஏதாவது வேணும்ல?" என்று கேட்பார்கள். வேணும்தான். பிரான்ஸில் கார்கசோன் என்றொரு மதில் சூழ்ந்த நகரம். வயலே லெ டுக் என்ற கட்டடக் கலைஞர் 1853லிருந்து அதைப் புதுப்பித்தார். கோபுரங்களுக்கு அந்த ஊர் வழக்கத்தில் இல்லாத கூம்புக் கூரை வைத்தார் என்று அந்த நாட்டு அறிஞர்களே திட்டித் தீர்த்தார்கள். ஆனாலும் அவர் கூரை வைத்தது பழைய மதில் மேல். கூட்டம் அண்ணாந்து பார்ப்பது பெரும்பாலும் அந்த மதிலைத்தான். நம் ஊரிலோ வேறு ஒரு கட்டடம் எழுப்பி, அசலைக் காலடியில் போட்டுவிட்டு, அதன் பெயரை இதற்குச் சூட்டியாகிவிட்டது.

நினைவுக்கோட்டையை யாரும் இடிக்க வேண்டாம் (இடித்ததெல்லாம் போதும்). அஸ்திவாரத்தைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி, அந்த வட்டாரத்து மண்ணைக் குழைத்து 12 அடி உயரத்தில் ஒரு இருபதடிச் சுவர் எழுப்பட்டும். மண்வீடு கட்டத் தெரிந்த பெரியவர்கள் கரிசல் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூப்பிடட்டும். சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டி மண் சுமக்கட்டும். மழையில் கரைந்தால் அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகள் பூசட்டும்.

வேன் ஒட்டப்பிடாரம் தாண்டும்போது சின்னவன் திரும்பக் கேட்கிறான். இந்தத் தடவை ஆச்சியிடம். ஆச்சி பிறந்து வளர்ந்ததே மண்சுவர் வீட்டில்தான்.

"மண்ணுச் சுவராய்யா? ஆளு சேந்தா கட்டிறலாம்."

அப்பா திரும்பிப் பார்க்கிறார். வேன் நிற்கவில்லை.