ஈரத்தை எடை போட்டு விற்கலாமா?

மிளகாய் வற்றல் கொள்முதல் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? சாக்குக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். கையில் ஒட்டினால் ஈரம் என்கிறோம். எடையில் கழிவு கேட்கிறோம், அல்லது காய வைத்துக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறோம். மல்லிக்கும் துவரைக்கும் இதே வழக்கம்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி, விருதுநகர் வட்டாரத்தில் பலசரக்கு வணிகம் செய்கிற எவரும் ஈரத்துக்குப் பணம் கொடுக்கச் சம்மதிக்க மாட்டார். ஆனால் அதே கடையின் பக்கவாட்டில் விறகு நிறுக்கும்போது மட்டும் ஈரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இதைப் பற்றித்தான் நம் சங்கத்து வணிகப் பெருமக்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

விறகு வியாபாரம் ஒழிந்து விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். 2016-ல் உஜ்வலா திட்டம் வந்தது, வீட்டுக்கு வீடு எரிவாயு அடுப்பு இருக்கிறது, இதெல்லாம் உண்மைதான். இருந்தாலும் கிராமத்து வீடுகளில் வெந்நீர் போடவும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அவிக்கவும், உருளை தீர்ந்த மாதக் கடைசியில் சோறாக்கவும் விறகுதான் எரிகிறது. டீக்கடை, புரோட்டாக் கடை, கல்யாணச் சமையல், கோயில் பொங்கல் எல்லாவற்றுக்கும் விறகு வேண்டும். வணிக உபயோகத்துக்கான 19 கிலோ உருளை விலை ஏறும் போதெல்லாம் கடைக்காரர்கள் நம்மிடம் விறகு விசாரிக்கிறார்கள். ஆகவே பல கடைகளில் இது இன்னும் ஓடுகிற சரக்கு. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க எரிக்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, மேலே இருக்கிறவனே பார்த்துக் கொள்கிறான். நமக்கு அடுப்பு எரிந்தால் போதும்.

நம் பக்கத்து விறகு என்றால் சீமைக்கருவேல்தான். இங்கே வெறுமனே கருவை என்போம். இது நம் மண்ணில் பிறந்த மரமல்ல. 1877-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்துக் கடப்பைப் பகுதியில் ஊன்றியதாகப் பதிவு உண்டு. அது பரவி, குண்டாற்றுக் கரையும் கண்மாய் உள்வாயும் தரிசும் எல்லாம் தனதாக்கிக் கொண்டது. வேளாண்மைக்கு அது செய்த கேடு பெரியது. ஆனாலும் மானாவாரி பொய்த்த வருடங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு விறகு வெட்டும் கரிமூட்டமும்தான் கஞ்சி ஊற்றின என்பதையும் மறக்கலாகாது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டதும், அதே ஆண்டில் இடைக்காலத் தடை வந்ததும், 2022-ல் அந்நியக் களைத் தாவரங்கள் பற்றி அரசு கொள்கை வெளியிட்டதும் நாம் அறிந்ததே. மரம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் இங்கே நாம் போகவில்லை. அகற்றும் வேலை வேகம் பிடிக்கும் போதெல்லாம் பச்சைக் கட்டை மலிந்து சந்தைக்கு வரும். காயாத விறகு காய்ந்த விலைக்குப் போகும் ஆசையும் அப்போதுதான் வரும். அதுதான் நம் கவலை.

கணக்குக்கு வருவோம். வெட்டிய அன்று பச்சை மரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் இருக்கும். நூற்றுக்கு 40 என்று வைத்துக் கொள்வோம். நன்றாகக் காய்ந்த விறகில் 20-க்கு மேல் இருக்கக் கூடாது. 100 கிலோ பச்சை விறகில் மரச்சத்து 60 கிலோ. அது ஈரம் 20-க்கு வரும் வரை காய்ந்தால் 75 கிலோ நிற்கும். அதாவது 4 கிலோ பச்சை விறகு என்பது 3 கிலோ காய்ந்த விறகுதான். போன ஒரு கிலோ வெறும் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் சும்மாவும் போவதில்லை. அடுப்புக்குள் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 600 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். முற்றிலும் ஈரமற்ற ஒரு கிலோ மரத்தில் ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி இருக்கிறது. இந்த வீதத்தில் பார்த்தால் 4 கிலோ பச்சை விறகு 9,840 கிலோ கலோரி தரும். அதே கட்டை காய்ந்து 3 கிலோ ஆன பின் 10,440 தரும். எடை குறைந்து வெப்பம் கூடுகிறது.

இனி விலை. பச்சை விறகு டன் 4,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக் கொள்வோம். காய்ந்த பின் 750 கிலோ. அடக்கம் கிலோவுக்கு 5 ரூபாய் 33 காசு. மூன்று மாதம் பணம் முடங்குகிறது. நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி போட்டாலும் 180 ரூபாய், கிலோவுக்கு 24 காசு. ஆக 5 ரூபாய் 60 காசு என்று வைத்தால் கடைக்காரருக்கு அடக்கத்துக்கு மேல் 3 காசுதான் நிற்கும். லாபத்தை இரண்டிலும் ஒரே வீதத்தில் சேர்த்துக் கொள்ளலாம். வாங்குபவருக்கு 4 கிலோ பச்சை 16 ரூபாய், 3 கிலோ காய்ந்தது 16 ரூபாய் 80 காசு. பணம் நூற்றுக்கு 5 கூடுகிறது, வெப்பம் 6 கூடுகிறது. சரிக்குச் சரி என்றே சொல்லலாம். ஆகவே காய்ந்த விறகுக்குக் கூடுதல் விலை கேட்பதில் குற்றம் ஏதுமில்லை. கேட்க வேண்டும். பச்சை விறகைப் பச்சை விலைக்கு விற்பதிலும் குற்றமில்லை. பச்சையைக் காய்ந்தது என்று சொல்லி 5 ரூபாய் 60 காசுக்கு நிறுக்கும்போதுதான் 16 ரூபாய்ச் சரக்குக்கு 22 ரூபாய் 40 காசு வாங்குகிறோம். நூற்றுக்கு 40 மேல் வருமானம். இதற்கு என்ன பெயர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இதை விட மனதை உறுத்துவது ஒன்று உண்டு. சில கடைகளில் வெட்டுக்காரர் வண்டி கொண்டு வந்தால் 'ஈரமா இருக்கே' என்று டன்னுக்கு இத்தனை கிலோ கழிவு போடுகிறார்கள். மறுநாளே அதே கட்டையைக் கழிவு ஏதும் இல்லாமல் வாடிக்கையாளருக்கு நிறுக்கிறார்கள். முள் தைத்துக் காலில் சீழ் பிடித்தவரிடம் ஈரம் தெரிகிறது, பத்துக் கிலோ வாங்க வந்த அம்மாவிடம் அது தெரியாமல் போய் விடுகிறது. கட்டையின் மீது தண்ணீர் தெளித்து நிறுப்பவர்களும் உண்டு என்று கேள்விப்படுகிறோம். அவர்களுக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

வாங்குபவருக்குப் பணம் மட்டுமா நஷ்டம்? ஈர விறகு சரியாக எரியாமல் புகையும். ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து இருமுகிற பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அடுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும் என்று மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

இப்போது விறகைக் காய வைக்கும் முறை பற்றி. மழை மறைவுப் பிரதேசம், இங்கே எதுவும் தானாகக் காயும் என்ற அலட்சியம் நம்மிடம் உண்டு. பிளக்காத உருட்டுக் கட்டை சித்திரை வெயிலில் கிடந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். பட்டை தண்ணீரை எளிதில் விடாது. கட்டையின் இரு தலைப்பும் பிளந்த முகமும்தான் ஈரம் வெளியேறும் வாசல். ஆகவே குட்டையாகத் துண்டு போட்டு, கைப்பருமனுக்கு மேல் உள்ளதை எல்லாம் பிளந்து விட வேண்டும். அதுவும் பச்சையாக இருக்கும்போதே பிளக்க வேண்டும். கருவை காய்ந்து இறுகி விட்டால் கோடாலி எகிறும்; ஆப்பும் சம்மட்டியும் தேடிக் கூலி இரட்டிப்பாகும். முறுக்கேறிய தூர்க்கட்டையோடு மல்லுக்கு நிற்காமல் கரிமூட்டத்துக்கு அனுப்பி விடுவது நல்லது.

தை, மாசியில் வெட்டிப் பிளந்து வைத்தால் கோடை முழுவதும் நமக்குக் கிடைக்கிறது. ஆடிக் காற்று மிச்சத்தைப் பார்த்துக் கொள்ளும். தரையில் நேரே போட்டால் கரையான் விருந்து. கல்லோ பனந்துண்டோ போட்டு ஒரு சாண் உயர்த்தித்தான் அட்டி போட வேண்டும். சுவரோடு ஒட்டாமல் நடுவே காற்று போக வழி விட்டு, அட்டியின் நீளவாக்கு காற்று வரும் திசையைப் பார்த்திருப்பது நல்லது. ஐப்பசி அடைமழைக்கு மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டால் போதும். பக்கமெல்லாம் மூடிக் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். இந்தத் தவற்றைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

இன்னொன்று, விறகை அரிசிக் கிட்டங்கிக்குள் அடுக்காதீர்கள். பச்சைக் கட்டையின் ஈரம் அறைக்குள் தங்கி மூட்டையில் ஏறும். அட்டிக்குள் தேளும் எலியும் குடியேறும். கருவைக் கட்டையைத் துளைத்து மாவாகக் கொட்டும் வண்டும் நெல்லைத் துளைக்கும் ஒரு வகை வண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பூச்சி நூலார் சொல்கிறார்கள். கட்டை வண்டு நெல்லுக்குத் தாவும் என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் பங்காளிகளை ஒரே வீட்டில் குடி வைப்பானேன்!

காய்ந்ததா என்று அறிய நம் முன்னோர் முறை போதும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், மொத்தென்றால் ஈரம். தலைப்பில் நட்சத்திரம் போல் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை தானே கழன்று வரும். எடையைக் கொண்டும் பார்க்கலாம். ஐந்து துண்டில் சுண்ணாம்புக் குறி போட்டு நிறுத்து எழுதி அட்டியின் நடுவில் செருகி வையுங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை எடுத்து நிறுங்கள். இரு முறை எடை மாறாவிட்டால் அந்த அட்டி விற்பனைக்குத் தயார்.

சட்டம் இதைக் கவனிக்குமா என்றால், எடையளவுச் சட்டம் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். கட்டைக்குள் இருக்கும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. விறகுக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் பலர் சீட்டும் போடுவதில்லை. இங்கிலாந்தில் 2021 மே 1 முதல் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. 2 கன மீட்டருக்குக் குறைந்த சில்லறை விறகு என்றால் ஈரம் நூற்றுக்கு 20-க்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேற்பட்ட பெரிய சுமையைப் பச்சையாக விற்கலாம். ஆனால் எப்படிக் காய வைப்பது என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அங்கே சட்டம் போட்டுச் செய்ததை இங்கே நாமே பேசி வைத்துக் கொள்ள முடியாதா?

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. பச்சை, காய்ந்தது என்று இரண்டு அட்டி, பலகையில் இரண்டு விலை. துண்டுச் சீட்டிலும் எது என்று ஒரு வார்த்தை. வெட்டுக்காரரிடம் பச்சை எடைக்கே பச்சை விலை, கழிவு பேச்சே வேண்டாம். மூன்று மாத முதலை முடக்க வசதியில்லாத சிறு கடைக்காரர் பச்சையை மட்டும் வைத்து, பச்சை என்று சொல்லியே விற்கலாம். அவருக்கு அதில் குறைவில்லை. மொத்த விறகுக்காரர்கள் கோடையில் காய வைத்து, இடம் இல்லாத கடைகளுக்கு ஐப்பசியில் தவணைக்குக் கொடுக்க முன்வந்தால் இன்னும் நல்லது. இடம் நம்மிடம் இருக்கிறது. வட்டி விகிதத்தைச் செயற்குழுவில் பேசிக் கொள்ளலாம். தை வெட்டுக்கு முன் முடிவு செய்தால்தான் இந்தக் கோடை பயன்படும்.