அடுக்களையில் நடக்கட்டும் ஆசிரியர் தேர்வு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில், இரவு பகல் எந்நேரமும் யாரேனும் உண்டுகொண்டிருக்கின்றனர். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பேருந்துகள் விக்கிரவாண்டிப் பக்கத்துப் பயணவழி உணவகங்களில் நிற்கின்றன. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவமனைக்கு நோயாளரோடு வருவோர் அருகிலுள்ள கடைகளில் பசியாறுகின்றனர். செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டதால் அயல்நாட்டாரும் இவ்வழி மிகுதியாக வரக்கூடும். இத்தனை பேருக்கும் சமைத்துப் பரிமாறும் இளைஞரைப் பயிற்றுவிப்பவர் யார், அவர் தகுதி எத்தகையது என்று நாம் கேட்பது அரிது.

கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2021-இல் ஆரணியிலும் 2023-இல் நாமக்கல்லிலும் உணவக உணவை உண்டபின் சிறுமியர் இருவர் மாண்டனர். கடைகளுக்கு முத்திரை விழுந்தது. ஊர்தோறும் சோதனைகள் நடந்தன. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழும் 5 பாகைக்கு மேலும் நெடுநேரம் கிடந்தால் நுண்ணுயிர்கள் பெருகும். இதை ஏட்டில் எழுதி மதிப்பெண் பெறுவது எளிது. நள்ளிரவில் கூட்டம் நெருக்கும்போதும் அதை மறவாதிருக்கும் பழக்கமோ, மாதக்கணக்கில் அருகே நின்று திருத்தும் ஆசிரியரால்தான் கைவரும்.

ஒன்றிய அரசின் உணவக மேலாண்மை நிறுவனங்களில் ஆசிரியராவதற்குத் தேசியத் தகுதித் தேர்வு உண்டு. தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநருக்கென ஓராண்டுப் பயிற்சியும் உண்டு. இரண்டும் நுழைவாயிலில் கேட்கப்படும் தகுதிகள். உள்ளே சென்று பத்தாண்டுகள் கழிந்தபின் அவர் கை இன்னும் தொழிலறிந்த கைதானா என்று பார்க்கும் முறை வலுவாக இல்லை. 2010-இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியை நோக்குவோம். அங்கே அறுவை மருத்துவம் கற்பிப்பவர் நாள்தோறும் நோயாளரைத் தொட்டு மருத்துவம் செய்பவர். பல்லாண்டுகள் கத்தி பிடியாதவர் அறுவை கற்பிக்க நாம் உடன்படுவோமா? கேட்டரிங் வகுப்பில் மட்டும், வணிகச் சமையற்கூடத்தை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் ஆனவர் பழைய குறிப்பேட்டைப் படித்துக்காட்டினாலும் போதும் என்றிருக்கிறோம்.

இதனால் இழப்பு யாருக்கு? தமிழ்நாடு அரசு நிறுவனமான தாட்கோ தன் செலவில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவரைத் தரமணி உணவக மேலாண்மை நிறுவனத்தில் படிக்க வைக்கிறது. இத்தகைய படிப்புகளுக்கு வருவோருள் குடும்பத்தில் முதன்முதலாகச் சான்றிதழ் பெறுவோரும் உளர். பயிற்சி பொய்த்தால் அவர்களுக்கு வேறு புகலிடம் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையோ மற்றொரு கல்லூரிக்குப் போய்விடுவான்.

ஆகவே அளவுகோல் உயரட்டும். எதை அளப்பது என்பதில்தான் தடுமாற்றம். தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு அளந்தால் மதிப்பெண்கள் ஏறுமேயன்றிக் கைத்திறன் ஏறாது. வேலை பெற்றோர் எண்ணிக்கையும் ஏமாற்றும்; மூன்றாம் மாதமே ஊர் திரும்பியவனும் அதில் அடக்கம். விரல்ரேகை வருகைப்பதிவு ஆசிரியர் வந்ததைச் சொல்லுமே தவிர, கற்பித்ததைச் சொல்லாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆசிரியரே அடுப்பின்முன் நின்று செய்முறைத் தேர்வு தரட்டும். மாணவனின் பிழையைக் கண்டு அவர் திருத்தும் விதத்துக்கும் மதிப்பெண் இருக்கட்டும். ஓராண்டு கழித்து, வேலையில் நீடிக்கும் மாணவரிடமும் அவர்தம் மேலாளரிடமும் கருத்துக் கேட்கலாம். தவறியவருக்கு மறுவாய்ப்பு ஒன்று. அதன்பின் வேறு பணி. இதில் இரக்கம் காட்டுவது மாணவருக்கு இழைக்கும் கொடுமை.

ஆனால் கடுமை ஒருபக்கமாக இருத்தல் முறையன்று. சமையல் பொருளுக்கும் எரிவாயுவுக்கும் போதிய பணம் தராமல், ஒருவர் சமைக்க இருபது பேர் சுற்றி நின்று பார்க்கும் வகுப்பை நடத்தச் சொல்லிவிட்டு, திறன் குறைந்ததென ஆசிரியரைக் கடிவது அறமாகாது. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று அஞ்சும் தொகுப்பூதியப் பயிற்றுநரிடம் நிலையான பணியாளருக்குரிய அளவுகோலை நீட்டுவதும் அவ்வாறே. ஆண்டில் ஒரு மாதம் ஊதியத்தோடு உணவகங்களில் பணியாற்ற அவர்களை அரசு அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாடு முந்தட்டும், தேர்வு பிந்தட்டும்.

தேர்வாளர் குழுவில் நட்சத்திர விடுதியின் தலைமைச் சமையலர் மட்டும் அமர்ந்தால் போதாது. அடுத்தடுத்து வந்து நிற்கும் பேருந்துகளுக்குப் பரிமாறும் விக்கிரவாண்டிச் சாலையோர உணவகத்தின் மேற்பார்வையாளருக்கும் அங்கே ஓரிருக்கை வேண்டும். இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முதல் வேலை தரக்கூடியவர் அவரே.